உங்களுக்குத் தெரியுமா? ஓர் ஊர், மூன்று ஜில்லாக்கள்

1879 டிசம்பர் 30 அன்று ஸ்ரீ ரமண மகரிஷி அவதரித்த திருச்சுழியைப் பற்றி அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவரொருவர் கைப்பேசியில் தேடுவாராயின், அவ்வூர் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது என்று ஒரு பக்கமும், இராமநாதபுரம் என்று வேறொன்றும், விருதுநகர் என்று மற்றொன்றும் சாதிக்கக் காண்பார். 1910இல் இராமநாதபுரம் ஜில்லாவும், 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டமும் உருவானமையால், கருதிய காலத்தை அனுசரித்து மூன்றுமே மெய்தான். ஆனால் இணையத்தில் எல்லா முரண்பாடும் இவ்வளவு சாதுவானதன்று. 2017இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலை ஆய்வொன்றில், 25 மாணவர்களிலும் 10 சரித்திர நிபுணர்களிலும் (பண்டிதர்களும் ஏமாந்தது நமக்கு ஆறுதலே!) பலர், மதிப்பிடத் தந்த வலைத்தளத்தின் கம்பீரமான சின்னத்தையும் பெயரையும் கண்டு மயங்கினர், செய்தியின் உண்மையைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட 10 பேரோ, சம்பந்தம் பேசுமுன் அண்டை அயலில் விசாரிப்பார் போல, அப்பக்கத்தைப் படித்து முடிக்குமுன்னரே வேறு பக்கங்களைத் திறந்து, அதனை நடத்துவோர் யாவர் என்று ஆராயப் புகுந்தனர்.