பிஎஸ்எல்இ முடிவு வந்தாச்சு... எந்த உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது?

பிஎஸ்எல்இ முடிவு வந்த கையோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேள்வியும் வந்துவிடும்: "எந்த ஸ்கூல் போடப் போறீங்க?"

முடிவெடுக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான் இருக்கும். 6 பள்ளிகளைத் தேர்வு செய்யலாம். பிள்ளைக்கோ தம்பி, தங்கைக்கோ உதவப் போகிறீர்களா? முதலில் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கட்-ஆஃப் குறைவாக இருந்தால் நல்ல பள்ளியா?

அப்படிச் சொல்ல முடியாது. 4 பாடங்களின் ஏஎல் அடைவுநிலைகளைக் கூட்டினால் வருவது பிஎஸ்எல்இ மதிப்பெண். ஆகச் சிறந்தது 4. சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் கடைசியாக இடம் கிடைத்த மாணவரின் மதிப்பெண்தான் அந்தப் பள்ளியின் கட்-ஆஃப். எத்தனை பேர் அந்தப் பள்ளியைக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது ஆண்டுதோறும் மாறலாம். அங்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை அந்த எண் காட்டாது.

எக்ஸ்பிரஸா, நார்மலா?

பாட்டி, தாத்தா இன்னும் இப்படிக் கேட்கலாம். 2024ஆம் ஆண்டு உயர்நிலை 1இல் சேர்ந்தவர்கள் முதல் அந்தப் பிரிவுகள் இல்லை. மாணவர்கள் போஸ்டிங் குரூப் 1, 2, 3 வழியாகச் சேர்கிறார்கள். பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 நிலைகளில் படிக்கலாம். ஒரு பாடத்தில் நன்றாகச் செய்திருந்தால் அதை மட்டும் இன்னும் உயர்ந்த நிலையில் படிக்க வாய்ப்பு உண்டு.

விருப்ப வரிசை முக்கியமா?

இடம் கொடுக்கும்போது முதலில் பார்ப்பது மதிப்பெண். கடைசி இடத்துக்கு ஒரே மதிப்பெண்ணில் பலர் இருந்தால் குடியுரிமை, பிறகு விருப்ப வரிசை, அதற்கும் பிறகு கணினிக் குலுக்கல்.

அதனால் உண்மையிலேயே பிடித்த பள்ளியை முதலில் போடுங்கள். ஆனால் 2, 3 பள்ளிகளிலாவது பிள்ளையின் மதிப்பெண் கட்-ஆஃபைவிடச் சிறப்பாக இருக்கட்டும். ஆறிலும் கிடைக்காவிட்டால், வீட்டுக்கு அருகில் இடம் மீதமுள்ள ஒரு பள்ளிக்கு அனுப்பப்படுவார்கள்.

அங்கே தமிழ் இருக்கா?

பலர் கடைசியில் கேட்கும் கேள்வி இது. எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு கிடையாது. இல்லையென்றால் பள்ளி முடிந்ததும் தமிழுக்காக வேறோர் இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். பீட்டி சாலையில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அவற்றில் ஒன்று.

பல பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து தமிழ் படிப்பது நல்ல அனுபவம்தான். ஆனால் பயண நேரத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பள்ளியில் தமிழ் உண்டா என்பதைக் கல்வி அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டர் பக்கத்தில் பார்க்கலாம்.

ஓப்பன் ஹவுஸில் என்ன கேட்கலாம்?

- தமிழ் வகுப்பு எங்கே, எந்தெந்த நாள்? இணைப்பாட நடவடிக்கையோடு மோதுமா?
- உயர்தமிழ் எடுக்க முடியுமா?
- இணைப்பாட நடவடிக்கையில் முன் அனுபவம் இல்லாதவர்களையும் சேர்ப்பார்களா?
- பாடம் புரியாவிட்டால் பள்ளியில் என்ன உதவி கிடைக்கும்?

ஆசிரியர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். அங்கு படிக்கும் மாணவர்களிடமும் கொஞ்சம் பேசிப் பாருங்கள். முடிந்தால் ஒரு நாள் காலையில் வீட்டிலிருந்து பேருந்திலோ ரயிலிலோ பள்ளிவரை போய்ப் பாருங்கள்.

கடைசியாக, பிள்ளையிடம் கேட்டீர்களா? 4, 5 வருஷம் அங்கே போய்வரப் போவது அவர்தானே.