வளையமும் பூத்தையலும்

தலைமையாசிரியனாயிருந்து ஓய்வு பெற்ற கிழவன் ஊசியையும் நூலையும் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் வியப்படையலாம். இவ்விஷயத்தை எனக்குக் கற்பித்தது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியன்று. நான் செய்த தவறுதான்.

பல்லாண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்காட்சிக்காக மேசைவிரிப்பில் மயில் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாத உழைப்பு. பொங்கல் விடுமுறை வந்தது. துணி பத்திரமாயிருக்கட்டுமென்று, மாட்டியிருந்த வளையத்தோடு வாங்கி அலமாரியில் பூட்டினேன். விடுமுறை கழிந்து எடுத்தபோது மயிலின் கழுத்துக்குக் குறுக்கே வட்டத் தடம் விழுந்திருந்தது. முடிச்சுத் தையல்கள் நசுங்கியிருந்தன. திருகாணி பட்ட இடத்தில் துருக்கறை. “பரவாயில்லை, ஐயா” என்றாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இது ஏன் நேர்ந்தது? உள்வளையம் துணிக்குக் கீழேயும், வெளிவளையம் மேலேயும் அமைகின்றன. திருகாணியை முடுக்கினால் துணி மத்தளத் தோல்போல் விறைத்து நிற்கும். வெறுந்துணி தட்டையானது, தைத்த இடமோ மேடு. அம்மேட்டின்மீது வளையம் அமர்ந்தால் அழுத்தம் முழுவதையும் அதுவே தாங்கவேண்டும். சங்கிலித் தையல் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நெருங்கிப் படுத்த இழைகளால் மினுமினுக்கும் சாட்டின் தையல் பொலிவிழக்கும். சரிகை ஒருமுறை மடங்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது.

ஆகவே, உருவம் முழுவதும் உள்ளே அடங்கும் பெரிய வளையமே நல்லது. புடவையில் அது இயலாது. அப்போது மெல்லிய பழைய பருத்தித் துணியொன்றின் நடுவில், தைக்க வேண்டிய அளவுக்குச் சாளரம்போல் வெட்டிக்கொண்டு, தையலின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்தே வளையத்தில் பூட்டுங்கள். கைவியர்வையும் அந்தப் பழந்துணியோடு போகும். உள்வளையத்துக்குப் பருத்தி நாடா சுற்றினால் குறைந்த முடுக்கலிலேயே பிடிப்பு உண்டாகும். முடிச்சுகளைக் கடைசியில் தைப்பது புத்திசாலித்தனம். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தவுடன் திருகாணியைத் தளர்த்தி வளையத்தைக் கழற்றிவிடுங்கள். தளர்த்தாமல் இழுத்தால் அதுவே இழைகளை உராய்ந்துவிடும்.

எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்திலும் இன்று மணப்பெண் ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறார்கள். அதற்குரிய நீண்ட சட்டத்தில் துணியை ஓரங்களில் மட்டும் பிணைப்பதால் தைத்த இடத்தின்மீது வளையம் ஏறுவதில்லை. முடிந்த பகுதியைத் துணியால் மூடி வைப்பார்கள். நீலகிரித் தோடர் பெண்களோ வளையமே வேண்டாமென்கிறார்கள். வெண்துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகக் கையில் பிடித்தே தைக்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது அவர்களுடைய கைவேலை.

தடம் விழுந்துவிட்டால்? சாயம் போகாத பருத்தியானால் குளிர்ந்த நீரில் நனைத்து, நிழலில் உலர்த்தி, தடித்த துண்டின்மேல் தையல் கீழ்நோக்கியிருக்கப் பரப்பி, பின்புறத்தில் இஸ்திரி போடலாம். அன்று அவ்வாறே செய்தோம். வட்டம் பெரும்பாலும் மறைந்தது. முடிச்சுகளை அவள் பிரித்து மறுபடி தைத்தாள். துருக்கறைதான் போகவில்லை. அதன்மேல் ஓர் இலையைத் தைத்துவிட்டாள்.