கடப்பு ஒளியளவியல்

கடப்பு ஒளியளவியல் என்பது, ஒரு கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கும்போது அவ்விண்மீனின் பொலிவு சிறிதளவு குறைவதை அளந்து அக்கோளைக் கண்டறியும் முறையாகும். கொரோ, கெப்ளர், டெஸ் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் இம்முறையைப் பயன்படுத்தின.

புதுச்சேரியில் ஒரு கடப்பு

வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பல இடங்களிலிருந்து நேரம் குறித்தால், சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். இதற்காகப் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜாந்தி 1760இல் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். வழியிலேயே நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனதால், 1761 சூன் 6 அன்று நிகழ்ந்த கடப்பை ஆடும் கப்பலில் இருந்தே பார்த்தார். அதைக் கொண்டு துல்லியமாக அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையில் வான்காணகம் அமைத்தார். 1769 சூன் 4 காலை மேகம் சூரியனை மறைத்தது. கடப்பு முடிந்த பின்னரே வெயில் வந்தது. அதற்கு அடுத்த கடப்பு 1874இல்தான் நிகழ்ந்தது.

விண்வெளியின் தேவை

மேகம் மட்டுமே தடையன்று. காற்றின் அசைவால் விண்மீன்கள் மின்னுகின்றன. பகல் வந்ததும் அளவீடு அறுபடுகிறது. அளக்க வேண்டிய மாற்றமோ மிகச் சிறியது. தொலைவிலிருந்து நோக்கினால், வியாழன் கடக்கும்போது சூரியனின் ஒளி ஏறத்தாழ 1% குறையும். பூமி கடக்கும்போது 0.008% மட்டுமே குறையும். அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 13 மணி நேரம்.

மேலும், கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் அமைந்தால்தான் கடப்பு தெரியும். பூமி போன்ற பாதைக்கு இவ்வாய்ப்பு சுமார் 200இல் 1. எனவே ஒரே நேரத்தில் பல்லாயிரம் விண்மீன்களைக் கண்காணிக்க வேண்டும்.

தொலைநோக்கிகள்

* கொரோ: பிரான்சு தலைமையில் 2006இல் ஏவப்பட்டது. இதன் தொலைநோக்கி 27 செ.மீ. விட்டமுடையது.
* கெப்ளர்: 2009இல் ஏவப்பட்டது. முதல் நான்கு ஆண்டுகள் வானின் ஒரே பகுதியில் 1,50,000க்கும் மேற்பட்ட விண்மீன்களைச் சுமார் அரை மணிக்கு ஒருமுறை அளந்தது. 2018இல் ஓய்வு பெற்றது.
* டெஸ்: 2018இல் ஏவப்பட்டது. நான்கு ஒளிப்படக் கருவிகளால், வானின் ஒவ்வொரு பட்டையையும் சுமார் 27 நாட்கள் கண்காணிக்கிறது.

ஒளி வளைவு காட்டுவது

பொலிவை நேரத்திற்கு எதிராக வரைந்தால் ஒளி வளைவு கிடைக்கும். பள்ளத்தின் ஆழம், விண்மீனோடு ஒப்பிட்ட கோளின் அளவைத் தரும். பள்ளங்களுக்கு இடையிலான காலம் சுற்றுக்காலத்தைத் தரும். கோளின் நிறையை இதிலிருந்து நேரடியாக அறிய முடியாது. அதற்கு விண்மீனின் நிறமாலையையும் ஆராய வேண்டும். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களும் இத்தகைய பள்ளங்களை உண்டாக்கும் என்பதால், ஒவ்வொரு பள்ளமும் சரிபார்க்கப்படுகிறது.

கோளில்லாமலேயே பொலிவு மாறும் விண்மீன்களும் உண்டு. சென்னை வான்காணகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். விரிந்து சுருங்கும் இத்தகைய விண்மீன்களின் ஒளி வளைவுகளும் இவ்விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுகளில் சேர்ந்தே கிடைக்கின்றன.