ஜூனியர் பிரெஞ்சு ஓபன் ஜெயிச்சா, அடுத்து என்ன?

(பாட்காஸ்ட் எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன். பேசியது பதினாறு வயசுப் பையன். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டான். "அண்ணா, ஜூனியர் டோர்னமென்ட்ல ரெண்டாவது ரவுண்டுல தோத்துட்டேன். ஜெயிச்ச பையன் என்னைவிட ஒரு தலை உயரம். இனிமே ஆடுறதுல அர்த்தம் இருக்கா?"

இதை மூணு தடவை கேட்டேன். ஏன்னா பதினேழு வயசுல இதே கேள்வியோட ராக்கெட்டைப் பரண்ல தூக்கிப் போட்டவன் நான். அன்னைக்கு எனக்குத் தெரியாத சில விஷயங்களை இன்னைக்குப் பேசலாம். உதாரணத்துக்கு, உலகத்துலேயே பெரிய ஜூனியர் களிமண் போட்டியை எடுத்துக்குவோம்: பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபன் ஜூனியர்.

முதல்ல, அந்தச் செம்மண்

பெயர்தான் களிமண். உண்மையில் மேலே தெரியும் அந்தச் சிவப்பு, செங்கல்லைப் பொடிச்சுத் தூவிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூள்தான். அதுக்குக் கீழே நொறுக்கிய சுண்ணாம்புக்கல், அதுக்கும் கீழே சரளையும் கல்லும். பந்து இந்தத் தூளில் பட்டதும் வேகம் குறையும், உயரமா எழும்பும். சிமெண்ட் கோர்ட்டில் நேரா பாயின்ட் ஆகிற சர்வ், இங்கே திரும்பி வரும். ஒரு பாயின்ட்டுக்கு ஐந்து ஷாட் போதும்னு நினைச்சா, பதினைந்து அடிக்க வேண்டியிருக்கும். ஓடினால் மட்டும் பத்தாது, சறுக்கி நிற்கவும் தெரியணும்.

அதனால களிமண்ணில் ஒரு சின்னப் பையனோ பொண்ணோ ஜெயிச்சா, அது வெறும் சர்வ் பலத்தால் வந்த வெற்றியா இருக்க வாய்ப்பு குறைவு. பொறுமை, கால் வலு, பாயின்ட்டைக் கட்டும் புத்தி, மூணும் வேணும். அப்படின்னா இந்தப் போட்டியை ஜெயிச்சவங்க எல்லாரும் பெரிய ஆளா வந்திருக்கணும் இல்லையா?

வரலாறு வேற கதை சொல்லுது

1968-ல் ஓபன் யுகம் தொடங்கின பிறகு, பாய்ஸ் பட்டம் ஜெயிச்சு, பின்னாடி அதே பாரிஸில் ஆண்கள் ஒற்றையர் பட்டமும் ஜெயிச்சவங்க யார் யார்னு தேடினேன். 2025 வரைக்கும் மூணே பேர். இவான் லெண்டில் (ஜூனியர் 1978), மாட்ஸ் விலாண்டர் (1981), ஸ்டான் வாவ்ரிங்கா (2003). இதில் விலாண்டர் அடுத்த வருஷமே, பதினேழு வயசில் ஆண்கள் பட்டத்தைத் தூக்கினார். வாவ்ரிங்காவுக்கு அதே வேலைக்குப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு.

பெண்கள் பக்கமும் இதே மாதிரிதான். கோகோ காஃப் 2018-ல் பதினாலு வயசில் ஜூனியர் பட்டம் ஜெயிச்சார், 2025-ல் பெரிய பட்டம். சிமோனா ஹாலெப் 2008-ல் ஜூனியர், 2018-ல் சாம்பியன். மார்டினா ஹிங்கிஸ் பன்னிரண்டு வயசிலேயே, 1993-ல் ஜூனியர் பட்டம் ஜெயிச்சவர். ஆனா பிரெஞ்சு ஓபன் பெண்கள் ஒற்றையர் மட்டும் அவர் கைக்கு வரவே இல்லை.

மறுபக்கம் பாருங்க. களிமண்ணின் ராஜா ரஃபேல் நடால் இந்த ஜூனியர் போட்டியில் ஆடவே இல்லை. பதினாறு வயசிலேயே, 2003 மான்டே கார்லோவில், அப்போதைய பிரெஞ்சு ஓபன் சாம்பியன் ஆல்பர்ட் கோஸ்டாவைத் தோற்கடிச்சுட்டு இருந்தார்.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு இருக்கு. 1979-ல் இந்த பாய்ஸ் பட்டத்தை ஜெயிச்சவர் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன். அதே வருஷம் விம்பிள்டன் ஜூனியரும் அவருக்கே. பின்னாடி உலகத் தரவரிசையில் 23 வரை போனார். விம்பிள்டனில் ஒரு தடவை, யுஎஸ் ஓபனில் இரண்டு தடவை காலிறுதி ஆடினார். நல்ல கேரியர்தான். ஆனா அவரோட மென்மையான ஆட்டத்துக்குப் பெரிய வெற்றிகள் களிமண்ணில் வரலை.

தோத்தவங்களைப் பாருங்க

எனக்கு ரொம்ப சுவாரஸ்யமா பட்டது இதுதான். பைனலில் தோத்தவங்க லிஸ்ட்.

2013: கிறிஸ்டியன் காரின் ஜெயிச்சார். தோத்தவர் அலெக்சாண்டர் ஸ்வெரேவ். காரின் 17-ம் இடம் வரை போனார், ஸ்வெரேவ் இரண்டாம் இடம் வரை.

2015: டாமி பால் ஜெயிச்சார், டெய்லர் ஃபிரிட்ஸ் தோத்தார். இரண்டு பேருமே டாப் 10 வந்தாங்க, ஆனா அதிக உயரம் போனது ஃபிரிட்ஸ்.

2016: ஜெஃப்ரி பிளாங்கனோ, ஃபெலிக்ஸ் ஓஜே அலியாசிமை மூணாவது செட்டில் 8-6னு ஜெயிச்சார். அன்னைக்கு ஒருத்தருக்கு 17 வயசு, இன்னொருத்தருக்கு 15. பிறகு டாப் 10-க்குப் போனது, தோத்த அந்தப் பதினைந்து வயசுப் பையன்.

இங்கே தோத்தா நல்லதுன்னு அர்த்தம் இல்லை. ஜூனியர் போட்டியில் பதிமூணு வயசு நிறைஞ்சவங்களும், அந்த வருஷம் பதினெட்டு ஆகிறவங்களும் ஒரே டிராவில் இருப்பாங்க. அந்த வயசில் இரண்டு வருஷ வித்தியாசம்னா உயரம், தோள், மூச்சு எல்லாமே வேற. ஸ்கோர்போர்டு அதைக் காட்டாது.

அப்போ எதைப் பார்த்துக் கணிக்கிறது?

நான் பார்ப்பது நாலு விஷயம்.

ஒண்ணு, பிறந்த வருஷம். யார் எந்த வயசில் யாருக்கு எதிரா ஆடினாங்க?

இரண்டு, பாயின்ட் எப்படி வந்தது? எதிராளி தப்பு செய்யும் வரை பந்தைத் திருப்பிப் போட்டு ஜெயிப்பது ஜூனியரில் நடக்கும். பெரியவங்க அந்தத் தப்பை இலவசமா தர மாட்டாங்க. தானா பாயின்ட்டை முடிக்க ஒரு ஆயுதம் இருக்கா?

மூணு, உடம்பு. ஜூனியர் பையன்கள் மூணு செட் ஆட்டம்தான் ஆடுறாங்க. ஆண்கள் கிராண்ட் ஸ்லாமில் ஐந்து செட். நாலாவது மணி நேரத்தில் கால் என்ன செய்யும்னு ஜூனியர் கோப்பை சொல்லாது.

நாலு, பணமும் பாதையும். ஜூனியர் போட்டிகளில் பரிசுப் பணம் கிடையாது. அதுக்கு அடுத்த படியான எம்15 போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 டாலர், அதை எல்லாரும் பங்கு போடணும். விமான டிக்கெட், கோச், ஹோட்டல் செலவை வீடு எத்தனை வருஷம் தாங்கும்? நிறைய கேரியர் முடிவது கோர்ட்டில் இல்லை, சாப்பாட்டு மேஜையில் நடக்கும் இந்தக் கணக்கில்தான். ஜூனியர் தரவரிசையில் வருஷ முடிவில் முதல் 20-க்குள் இருந்தா, சேலஞ்சர் மட்டப் போட்டிகளில் சில இடங்கள் ஒதுக்குறாங்க. இன்னொரு வழி அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ். கேமரன் நோரியும் பென் ஷெல்டனும் அப்படி வந்தவங்கதான்.

கோயம்புத்தூரின் மாயா ராஜேஷ்வரன் 2025-ல், பதினைந்து வயசில், மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியில் அரையிறுதி வரை போனார். பயிற்சிக்காக நடால் அகாடமிக்கும் போனார். அவரைப் பத்திப் பேசும்போதும் "எப்ப ஜெயிப்பா?"ங்கிறதை விட இந்த நாலு கேள்விதான் நியாயமானது.

அந்தத் தம்பிக்கு

தம்பி, "கண்டிப்பா நீ பெரிய ஆளா வருவே"ன்னு நான் சொல்ல மாட்டேன். பாரிஸில் கோப்பை தூக்கினவங்களுக்கே அந்த உத்தரவாதம் இல்லை. ஆனா உன்னைத் தோக்கடிச்ச பையனுக்கு எத்தனை வயசுன்னு முதல்ல விசாரி. அடுத்து, அந்த மேட்சில் நீ ஜெயிச்ச பாயின்ட் எல்லாம் எப்படி வந்ததுன்னு எழுதிப் பார். அப்புறம் அப்பா அம்மாவோட உட்கார்ந்து, இரண்டு வருஷத்துக்கு என்ன செலவாகும், நம்மால முடியுமான்னு வெளிப்படையா பேசு. அதுக்கப்புறம் நிறுத்தணும்னு தோணினா, நிறுத்து, அதில் அவமானம் ஒண்ணும் இல்லை.

நான் இந்த மூணுல ஒண்ணையும் செய்யலை. என்னைவிட உயரமான ஒருத்தனைப் பார்த்து முடிவு எடுத்துட்டேன். அவனும் இப்போ ஆடுறதில்லைன்னு கேள்விப்பட்டேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க வாய்ஸ் நோட்டை மறக்காம அனுப்புங்க.