வெற்றிலை வாயும் எச்சில் சோதனையும்



எச்சில் என்றால் நமக்கு அருவருப்பு. எச்சில் பட்ட குவளையைக்கூடத் தொடமாட்டோம். ஆராய்ச்சியாளர்களோ அதைக் குழாயில் பிடித்து, இரத்தத்தைச் சோதிப்பதுபோல் சோதிக்கிறார்கள். எச்சிலில் ஏறக்குறைய 99 பங்கு வெறும் தண்ணீர். மீதி ஒரு பங்கில்தான் விஷயமே இருக்கிறது. இரத்தத்தில் உள்ள பல பொருள்கள் கசிந்து அதில் வந்து சேருகின்றன. 2021-இல் கோவிட் நேரத்தில், மருந்துக் கடையில் வாங்கிய பெட்டியில் நாமே துப்பிப் பார்த்தோமே, அது இந்த வகைதான்.

புற்றுநோய்க்கும் முயற்சி நடக்கிறது. 2004-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் வோங் குழுவினர் வாய்ப் புற்றுநோய் கண்ட 32 பேரின் எச்சிலையும் நோயில்லாத 32 பேரின் எச்சிலையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளின் எச்சிலில் சில ஆர்.என்.ஏ.க்கள் கூடுதலாக இருந்தன. ஆர்.என்.ஏ. என்பது, கிராணி எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு மாதிரி, செல்லுக்குள் வேலை உத்தரவைக் கொண்டு போகும் பொருள். அதை வைத்து நோயாளிகளில் 100-க்கு 91 பேரை அடையாளம் காண முடிந்தது. நல்ல சேதிதான். ஆனால் மீதி 9 பேர்? நோயில்லாதவர்களிலும் அதே அளவு தவறு நேர்ந்தது. சோதித்ததும் சிறு கூட்டத்தைத்தான். ஈப்போ கிளினிக்கில் எச்சிலைக் கொடுத்துவிட்டுப் 'புற்று இருக்கா, இல்லையா' என்று கேட்கும் காலம் இன்னும் வரவில்லை.

அதுவரை நாம் காத்திருக்க முடியாது. ஏனென்றால், இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகம் தாக்குவது இந்தியர்களை. அதிலும் நம் பெண்களை. வெற்றிலைச் செல்லத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் பாட்டிமார்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வெற்றிலை போட்டால் எச்சில் ஏன் சிவக்கிறது? சுண்ணாம்பு பட்டதும் எச்சிலில் காரம் ஏறுகிறது. அந்தக் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் மாறிச் சிவப்பாகின்றன. அப்போதே, செல்லைத் தாக்கும் பொருள்களும் பிறக்கின்றன. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்னும் பொருளிலிருந்து எச்சிலிலேயே நைட்ரோசமீன்கள் உருவாகின்றன. இவற்றில் சில புற்றை உண்டாக்கக்கூடியவை. கடைவாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு இரவெல்லாம் இதே கதைதான்.

"நான் பொகையில போடறதில்ல தம்பி, வெறும் பாக்குதான்" என்று சொல்லும் அம்மாக்கள் லயத்துக்கு லயம் உண்டு. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985-இல் அறிவித்தது. 2004-இல் மறுபடி ஆராய்ந்து, புகையிலை இல்லாத வெற்றிலையும், ஏன், பாக்கு மட்டுமேகூடப் புற்றுநோய் தரும் என்று முடிவு சொல்லிவிட்டது. புகையிலையை விட்டது நல்லதுதான், அம்மா. பாக்கு இன்னும் வாயில் இருக்கிறதே!

1997-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய வாய்ப் புற்றுநோய் சோதனைத் திட்டம், தோட்டப்புற இந்தியர்களையும் முக்கியமாகக் கருதியது. பல் மருத்துவக் குழு லயத்துக்கே வந்து வாயைப் பார்த்தது. ஆனால் கித்தாத் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிப்போயின. நம் சனம் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் மலிவு விலை வீடுகளில் சிதறிக் கிடக்கிறது. கூப்பிட்டுப் பார்க்கத் தோட்டத்து டிரெசர் இல்லை. இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கோ, கிளினிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்ற பயம். நிர்வாகங்கள் இதற்காக அரை நாள் சம்பளத்தோடு விட்டால் என்ன குறைந்துவிடும்? இதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.

வாயைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்க்கும் சோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடம் போதும். சந்தேகம் இருந்தால்தான் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, குழம்புக் காரம் பட்டாலே எரிச்சல் இருந்தால் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். வலி வரட்டும் என்று இருக்க வேண்டாம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. மூன்று விரலைச் செங்குத்தாகச் சேர்த்து வாயில் வைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லையென்றால், பாக்கினால் உள்சதை இறுகியிருக்கக்கூடும். டாக்டரிடம் எத்தனை வருடமாக வெற்றிலை போடுகிறீர்கள், எந்தக் கன்னத்தில் அடக்குகிறீர்கள் என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.