உங்களுக்குத் தெரியுமா? இரைப்பையில் குடியிருக்கும் கிருமி

● இரைப்பையின் கடும் அமிலத்திலும் பிழைத்திருக்கும் பாக்டீரியா, ஹெலிகோபாக்டர் பைலோரி. யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துவிடுகிறது.

● ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல், இது நோய் உண்டாக்கும் என்று நிரூபிக்க, 1984-இல் இந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. இந்த ஆய்வுக்காக 2005-இல் சக ஆய்வாளர் ராபின் வாரனுடன் நோபல் பரிசு பெற்றார்.

● நோய் எதிர்ப்பின் வேகத்தைத் தணிக்கும் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்’களை இக்கிருமி தூண்டிவிடுகிறது. பல ஆண்டுகள் உடலில் தங்கிவிட இது உதவுகிறது.

● நோய் எதிர்ப்பு இப்படித் தணிவதாலோ என்னவோ, இக்கிருமி உள்ளவர்களிடம் குரோன் நோய் எனும் குடல் அழற்சி குறைவாகவே காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக இதை நண்பன் என்று நம்பிவிடக் கூடாது. வயிற்றுப்புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் இது முக்கியக் காரணம். இக்கிருமியை ஒழிக்க மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நடுவில் நிறுத்தாதீர்கள்.