மைனரின் குசினிக்குப் புது அடுப்பு

பழைய மொரிஸ் மைனருக்கு எஞ்சின் மாற்றப் போகிறேன் என்று ஒருவர் வாயெடுத்தால், கராஜில் நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை சிசி?” என்பதுதான். அடுத்தது விலை. “எத்தனை கியர்?” என்று கேட்பவர் குறைவு. ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். ஏன் என்று தெரிய, காரை ஒரு குசினியாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் அடுப்பு, அதாவது எஞ்சின். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்து 1971 வரை உற்பத்தியானது. 1956இல் அதற்கு 948 சிசி எஞ்சின் வந்தது, 37 குதிரைவலு. 1962இல் 1098 சிசி, 48 குதிரைவலு. காரின் எடை முக்கால் தொன்னைச் சற்றே தாண்டும். அவ்வளவு எடைக்கு அந்த நெருப்பு அன்று போதும். இன்று நம் ஊர் ஓட்டமாவடிப் பாலம் தாண்டிப் பொலன்னறுவை வீதியில் ஏறினால், பின்னால் வரும் லொறிக்காரர் ஹோர்னை விட்டுக் கையெடுக்க மாட்டார்.

அடுப்புக்கு அடுத்தது கிளட்ச். சட்டியை நெருப்பிலிருந்து ஒரு கணம் தூக்கிப் பிடிக்கிறோமே, அந்த வேலைதான் அதற்கு. மிதித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விடுபடும். விட்டால் மறுபடி சேரும்.

அதன் பிறகு கியர்பொக்ஸ். நெருப்பை எதற்கு எப்படிச் செலவழிப்பது என்று முடிவுசெய்யும் இடம் இது. கந்தூரிக் கிடாரத்தில் தண்ணீர் கொதி வரும்வரை அடுப்பை முழுதாக எரிக்க வேண்டும். அது முதலாம் கியர்: எஞ்சின் பல சுற்றுச் சுற்ற, சக்கரம் கொஞ்சமாக உருளும், ஆனால் பலத்தோடு உருளும். சோறு வெந்த பிறகோ நெருப்பைத் தணித்துத் தம் போடுகிறோம். கொஞ்ச நெருப்பிலேயே வேலை நடக்கிறது. அந்தத் தம்தான் ஐந்தாம் கியர். மைனரிடம் அது இல்லை.

மைனருக்கு நாலே கியர். நாலாவதில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால், பின்னால் போகும் புரொபலர் ஷாஃப்டும் ஒரு சுற்று. அங்கிருந்து பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் அதை 1098 சிசி காரில் 4.22இல் ஒரு பங்காகக் குறைக்கிறது. கணக்குப் போட்டால், 80 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று. 0.85 விகிதமுள்ள ஐந்தாம் கியர் ஒன்று இருந்தால் அதே வேகத்துக்கு 2600 சுற்றுப் போதும். இரைச்சல் தணியும், சூடு குறையும், பெற்றோல் மிஞ்சும். இன்னொன்று, மைனரின் முதலாம் கியரில் சின்க்ரோமெஷ் கிடையாது. கார் நிற்காமல் அதைப் போட முயன்றால் பற்கள் கிறீச்சிடும். இங்கிலாந்தில் சிலர் எஞ்சினைத் தொடாமலே விட்டுவிட்டு, ஃபோர்ட் சியராவின் ‘டைப் 9’ ஐந்து கியர் பொக்ஸை மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள். என் கணக்கில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆனால் எஞ்சினையும் மாற்றுவதென்றால், அதையும் கியர்பொக்ஸையும் ஒரே வண்டியிலிருந்து சோடியாக எடுங்கள். எஞ்சின் ஒரு கம்பனி, கியர்பொக்ஸ் இன்னொரு கம்பனி என்றால், அது ஒரு சட்டிக்கு வேறொரு சட்டியின் மூடி. இரண்டும் சேரும் முகத்தில் போல்ட் ஓட்டைகள் நேர்ப்படாது. இடையில் லேத்தில் கடைந்த தகடு ஒன்று வைக்க வேண்டும். அது மயிரிழை விலகினாலும் கியர்பொக்ஸின் முன் பேரிங் சீக்கிரம் தேயும்.

இனி எந்தச் சோடி? கொழும்பு பஞ்சிகாவத்தையில் குவிந்து கிடக்கும் ஜப்பான் ரீகண்டிஷன் எஞ்சின்களில் பெரும்பாலானவை முன்சக்கரம் இழுக்கும் கார்களுடையவை. விட்ஸ், ஆல்டோ, பிந்திய கொரோலா எல்லாம் அந்த வகை. அவற்றில் எஞ்சின் குறுக்கே கிடக்கும், கியர்பொக்ஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். மைனரிலோ எஞ்சின் நீளவாக்கில் இருந்து பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. விலை மலிவு என்று குறுக்கு எஞ்சினை வாங்கிவிடாதீர்கள். அதைத் திருப்பி வைத்தாலும் பின்னால் ஷாஃப்ட் கொடுக்க வழியில்லை.

அமெரிக்காவின் ‘மசில் கார்’காரர்களுக்கு இந்தத் தலையிடி குறைவு. 1964இல் வந்த பொன்டியாக் ஜிடிஓ போன்ற கார்களும் நீளவாக்கு எஞ்சின், பின்சக்கர ஓட்டம்தான். ஆனால் 1997இல் கோர்வெட்டில் அறிமுகமான எல்எஸ் வகை வி8 எஞ்சினுக்கும் ட்ரெமெக் ஆறு கியர் பொக்ஸுக்கும் பழைய கார்களில் மாட்டவென்றே மவுண்டிங் முதல் சைலன்சர்க் குழாய் வரை கடையில் விற்கிறார்கள். நமக்கு அந்தப் பெட்டி வராது. பாஸ் கையால் செய்து தருவதுதான்.

நமக்குப் பொருந்துபவை பழைய நிஸான் சன்னியின் ஏ வரிசையும் டொயோட்டா கொரோலாவின் கே வரிசையும். ஏ12 என்றால் 1171 சிசி, ஏ14 என்றால் 1397, ஏ15 என்றால் 1488. டொயோட்டாவில் 4கே 1290 சிசி, 5கே 1486. இரண்டுமே உடம்பு சிறுத்த, எளிய எஞ்சின்கள். ஐந்து கியரோடும் கிடைப்பவை. இன்னும் புதிதாக வேண்டுமென்றால், பிந்திய டவுன்ஏஸ் வானின் 3எஸ்இசட் எஞ்சினும் 1.5 லீற்றர், நீளவாக்கு, பின்சக்கர ஓட்டம். ஆனால் அது கம்பியூட்டர் அடுப்பு. வயரிங் கட்டு, சென்சர்கள், அழுத்தப் பம்ப் எல்லாம் கூடவே வர வேண்டும். இடைவழியில் நின்றால் ஸ்க்ரூட்ரைவரால் சரிபண்ண முடியாது. ஓட்டமாவடியில் வைத்து ஓட்டப்போகிறவருக்கு நான் கார்பரேட்டர் வைத்த 4கேயைத்தான் சொல்வேன். எரிவாயு அடுப்புத்தான், ஆனால் நெருப்புக்குச்சியால் பற்றவைக்கலாம்.

வாங்கியாயிற்று. உடனே பொருத்தப் போகாதீர்கள். முதலில் காருக்கு அடியில் படுத்துத் தட்டிப் பாருங்கள். வாவிக் காற்றும் கடற்காற்றும் படும் ஊர் நம்முடையது. மைனரின் அடிச்சட்டமும் கதவுக்குக் கீழுள்ள பகுதியும் உள்ளிருந்தே துருவேறும். முன்சக்கரங்களைத் தாங்கும் டோர்ஷன் பார்களின் பின்முனை, முன்சீற்றுக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் கவ்வியிருக்கிறது. புதுக் கியர்பொக்ஸுக்கு இடம் போதவில்லையென்று சிலர் அந்தச் சட்டத்தையே வெட்டுகிறார்கள். அடுப்பு வைக்க இடமில்லை என்று குசினித் தூணை அறுப்பது போன்ற வேலை அது. மேலேயுள்ள தகட்டை வெட்டி உயர்த்தலாம், சட்டத்தைத் தொடக்கூடாது.

பிறகு எஞ்சினை இறப்பர் மவுண்டிங்கில் இருத்த வேண்டும். எஞ்சினின் கீழுள்ள ஒயில் தொட்டியான சம்பின் அடி எதிலும் முட்டக்கூடாது. சைலன்சர்க் குழாய் ஸ்டியரிங் தண்டின் பக்கம் இறங்கினால் வளைத்து விலக்க வேண்டும். கியர்பொக்ஸ் பின்னோக்கிச் சரியும் கோணமும் டிஃபரன்ஷியல் மூக்கின் கோணமும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் புரொபலர் ஷாஃப்ட் அதிரும். ஷாஃப்டையும் புதிய நீளத்துக்கு வெட்டி ஒட்டிச் சமநிலை பார்க்க வேண்டும். பெரும்பாலான மைனர்களில் பற்றரியின் பொசிட்டிவ் பக்கம்தான் உடம்போடு கட்டப்பட்டிருக்கும். ஜப்பான் ஆல்டர்னேட்டர் வந்தால் அதை நெகட்டிவ்வாக மாற்றியே ஆக வேண்டும்.

இப்போது சட்டியின் அடியைப் பாருங்கள். மெல்லிய சட்டியைப் பெரிய நெருப்பில் வைத்தால் அடிபிடிக்கும். மைனரின் பின் அச்சு 48 குதிரைவலுவுக்குச் செய்தது. 5கேயை அமைதியாக ஓட்டினால் தாங்கும், ஒவ்வொரு சந்தியிலும் டயரைச் சுழற்றினால் தாங்காது.

அதைவிட முக்கியம், அடுப்பை அணைக்கும் வழி. 1098 மைனருக்கு முன்னால் எட்டு அங்குல ட்ரம் பிரேக், பின்னால் ஏழு. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில், ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரவில் வெலிக்கந்தைப் பக்கம் வீதிக்குக் குறுக்கே யானை நிற்கும் ஊர்வழி இது. ஆகவே எஞ்சினுக்கு வைத்த காசில் ஒரு பங்கை முன் டிஸ்க் பிரேக்குக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். பணம் பற்றாவிட்டால் எஞ்சின் காத்திருக்கட்டும்.

கடைசியாகக் காகிதம். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்றிப் பதிய வேண்டும். ஆகவே எஞ்சின் வாங்கும்போதே பற்றுச்சீட்டை இலக்கத்தோடு எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய 1098ஐ இரும்புக்குப் போடவும் வேண்டாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதற்கிடையில் பழைய கார்களின் மதிப்பு ஏறிவிட்டது. பிளக் ஓட்டைகளில் கொஞ்சம் ஒயில் விட்டு, கார்பரேட்டர் வாயைத் துணியால் அடைத்து, அதன் கியர்பொக்ஸோடு சேர்த்தே மூலையில் வையுங்கள். நாளைக்குக் காரை வாங்க வருபவர் அதையும் கேட்பார்.